மாசி ஈரத்தில் மலைச் சைக்கிள்: தீங்கில்லை என்னும் கருத்துக்கு ஒரு மறுப்பு

எஞ்சின் இல்லாமல், புகை விடாமல், ஓட்டுபவரின் கால்வலுவால் மட்டுமே நகரும் சைக்கிள் எந்த மண்ணில் எந்தப் பருவத்தில் ஓடினாலும் அந்த மண்ணுக்குக் கேடு செய்யாது என்னும் கருத்து, சுற்றுச்சூழலில் அக்கறை உள்ளவர்களிடையேகூட இன்று கேள்வியின்றி ஏற்கப்படுகிறது. சென்னையிலிருந்து ஞாயிறு விடியலில் புறப்பட்டு ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபாத், உத்திரமேரூர்ப் பக்கங்களுக்கு வந்து, தார்ச்சாலையை விட்டிறங்கி, ஏரிக்கரைகளிலும் ஏரிக்குள் நிற்கும் கருவேலங்காடுகளிலும் சேறு தெறிக்க ஓட்டிச் செல்வோர் இக்கருத்தையே தம் செயலுக்கு நியாயமாகச் சொல்கின்றனர்; டிராக்டரும் ஜேசிபியும் செய்யாததையா சைக்கிள் செய்துவிடப் போகிறது என்று ஊர்க்காரர்களிலும் பலர் அதை ஆமோதிக்கின்றனர். இக்கருத்து பிழையானது என்பதும், காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூர் போன்ற ஏரிப்பாசன ஊர்களில் அப்பிழைக்குரிய விலையைச் சைக்கிள் ஓட்டியவர் அல்லாத வேறொருவர் கொடுக்க நேர்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மறுக்கப்படும் கருத்தை அதன் முழு வலுவோடு முதலில் எடுத்துரைப்பது முறை. அதைச் சொல்வோர் பொறுப்பற்றவர்கள் அல்லர். அவர்களிடம் நான்கு வலுவான காரணங்கள் உள்ளன. சைக்கிளும் அதை ஓட்டுபவரும் சேர்ந்தாலும் 80 கிலோவைப் பெரும்பாலும் தாண்டாத நிலையில், டன் கணக்கில் எடையுள்ள டிராக்டரைத் தாங்கும் கரை இந்தச் சிறு எடையைத் தாங்காதா என்பது ஒன்று. மலைச் சைக்கிளால் காட்டுப் பாதைக்கு ஏற்படும் தேய்மானம் நடப்பவரால் ஏற்படுவதைவிட மிகுதி அன்று என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்பது இரண்டு. மாடும் ஆடும் உழவர்களின் சைக்கிள்களும் காலங்காலமாக அதே கரையில் சென்று வந்திருக்க, புதிதாக வந்தவரை மட்டும் குறை சொல்வது பாரபட்சம் என்பது மூன்று. மண் உயிருள்ளது, வெயில் காய்ந்தால் இறுகும், அடுத்த மழையில் தடம் தானே அழியும் என்பது நான்கு. இவற்றில் எதுவும் வெற்றுப் பேச்சன்று. இரண்டாவது காரணமோ உண்மையான ஆய்வுகளின் மேல் நிற்கிறது. ஆயினும் நான்கும் ஒரே இடத்தில் தவறுகின்றன: எந்த மண், எந்த மாதம், அந்த மண் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் அவை கேட்பதில்லை.

இக்கேள்விகளுக்கு விடை காண, இடத்தையும் காலத்தையும் சற்று விளக்க வேண்டும். மலைச் சைக்கிள் என்பது 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டமால்பையஸ் மலையின் மண்பாதைகளில் பழைய சைக்கிள்களை இறக்கத்தில் ஓட்டிப் பார்த்த இளைஞர்களிடமிருந்து உருவானது. அகன்ற டயரும், அதன்மேல் புடைத்து நிற்கும் ரப்பர்க் குமிழ்களும், அதிர்வு தாங்கும் முன்கவையும் கொண்ட இந்த வண்டி 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் போட்டிப் பிரிவாக இடம்பெற்றது. 2023 அக்டோபரில் இதற்கான ஆசியப் போட்டி கேரளத்தின் பொன்முடியில் நடந்தது. தமிழ்நாட்டுச் சைக்கிள் கடைகளில் எம்டிபி என்ற பெயரிலேயே இது வழங்குகிறது. புள்ளலூர் வட்டாரத்தில் மலை இல்லை. ஏற்றம், இறக்கம், மரநிழல், சேறு என்று இந்த வண்டிக்காரர் தேடும் எல்லாமும் சேர்ந்து கிடைக்கும் ஒரே இடம் ஏரியாகவே இருக்கிறது. கரை ஏற்றமும் இறக்கமும் தருகிறது; நீர் வற்றிய உள்வாயில், அதாவது ஏரியின் நீர்பிடிக்கும் பரப்பில், சமூகக்காடு வளர்ப்புத் திட்டங்களின் கீழ் நடப்பட்ட கருவேல மரங்கள் காடாக நிற்கின்றன. கருவேலம் என்பது சீமைக்கருவேலம் அன்று; நீரில் மாதக்கணக்கில் நின்றாலும் பட்டுப்போகாத நாட்டு மரம் அது.

தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, மாசியையும் பங்குனியையும் பின்பனி என்று பெயரிட்டது. குளிர்நாடுகளில் பின்பனிக்காலம் பனி உருகிக் காட்டுப்பாதைகள் சேறாகும் காலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய காஞ்சிபுரச் சமவெளியில், மழை நின்று இரண்டு மாதமாகியும் ஏரியின் ஓரங்கள் உலராத காலம் அது. ஐப்பசி, கார்த்திகையில் நிரம்பிய ஏரி மாசியில் பாதியாக இறங்கியிருக்கும்; நவரைப் பட்டத்து நெல்லுக்கு, அதாவது மார்கழி, தையில் நட்டுச் சித்திரையை ஒட்டி அறுக்கும் பயிருக்கு, மதகு வழியே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்; கரையின் அடிப்பகுதியில் கசிவு நிற்கும்; உள்வாயின் வண்டல் மேலே பொருக்குத் தட்டி அடியில் குழைந்திருக்கும். காற்று குளிர்ந்து, வெயில் கடுமையாகாத இந்த வாரங்களே சைக்கிள் ஓட்ட மிக இனியவை என்பதால், ஏரிமண் மிகவும் நலிந்திருக்கும் காலமும் சைக்கிள்கள் மிகுதியாக வரும் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. மறுப்புகள் இனி வருமாறு.

1. எடை குறைவு என்பதால் அழுத்தமும் குறைவாகிவிடுமா? மண்ணுக்குத் தெரிவது மொத்த எடை அன்று. அந்த எடை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதே. காற்றடைத்த டயர் கெட்டியான தரையில் தரும் அழுத்தம், ஏறத்தாழ அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமம். மலைச் சைக்கிளின் டயரில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ என்ற அளவில் காற்றடைத்திருப்பதாகக் கொண்டால், 80 கிலோவில் பின்சக்கரத்தின் பங்காகிய 48 கிலோ, வெறும் 24 சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய இடத்தில், இறங்குகிறது. 66 கிலோ எடையுள்ள மனிதர் 150 சதுர சென்டிமீட்டர் உள்ளங்காலை ஊன்றி ஒற்றைக் காலில் நின்றாலும், சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவான அழுத்தமே விழும். நடக்கையில் குதிகால் பதியும் கணத்தில் இது கூடும் என்பது மெய்தான். ஆயினும் சக்கரத்தின் அழுத்தம் நிற்கும் காலின் அழுத்தத்தைப் போல நான்கு, ஐந்து மடங்கு என்ற கணக்கு, சைக்கிள் லேசானது, ஆகவே மென்மையானது என்னும் எண்ணத்தை நிலைக்க விடுவதில்லை. சேற்றில் இந்தச் சக்கரம், தன் எடையைத் தாங்கும் அளவு பரப்பு கிடைக்கும்வரை அமிழ்கிறது. அதன் தடத்திலேயே இன்னொரு சக்கரம் வருகிறது. பின்னால் வரும் தோழரின் இரண்டு சக்கரங்களும், ஓட்டுவதற்கு எளிது என்பதால், அதே தடத்தையே நாடுகின்றன. பத்துப் பேர் வரிசையாகச் சென்றால் ஒரே கோட்டில் இருபது சக்கரங்கள் உருண்டிருக்கும்.

எடையைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. ஈரத்தின் அளவைப் பொறுத்து ஒரே மண் ஒரே பாரத்துக்கு நேர்மாறான இரு பதில்களைத் தருகிறது. லாஸ் ஏஞ்சலிஸில் மண்ணணைகள் கட்டிய பொறியாளர் ரால்ஃப் புரோக்டர் 1933இல் வெளியிட்ட ஆய்வு, களிமண்ணுக்கு உகந்த ஈரப்பதம் என்று ஓர் அளவு உண்டு என்பதை நிறுவியது. அந்த அளவில் மிதித்தால் மண் இறுகிக் கெட்டிப்படுகிறது, அதைத் தாண்டிய ஈரத்தில் மிதித்தால் துகள்களுக்கிடையே உள்ள நீர் விலக இடமின்றி மண் இறுகாமல் பக்கவாட்டில் பிதுங்குகிறது. சக்கரத்தின் இரு பக்கமும் உதடு போல எழும்பி நிற்கும் சேற்றுவரம்பு இப்பிதுக்கமேதான். ஆகவே, டிராக்டரைத் தாங்கும் கரை சைக்கிளைத் தாங்காதா என்ற கேள்விக்கு விடை, வைகாசியில் டிராக்டரைத் தாங்கும் அதே கரை மாசியில் சைக்கிளையும் தாங்காது என்பதாகும். டிராக்டர் மாசியில் ஈரக்கரையில் ஏறினால் அதுவும் தவறே. ஒருவர் செய்யும் பெருந்தவறு மற்றவரின் சிறுதவறுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது.

2. வெளிநாட்டு ஆய்வுகள் உண்மையில் என்ன சொல்கின்றன? இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவன இரண்டு. ஜான் வில்சனும் ஜோசப் சினியும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மொன்டானா மாநில மலைப்பாதைகளில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டு, சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலுமே அரிப்புக்கு மிகுதியான மண்ணைத் தளர்த்தித் தருகின்றன என்று கண்டது. ஈடன் தர்ஸ்டனும் ரிச்சர்ட் ரீடரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, கனடாவின் ஒன்டாரியோ மாநிலக் காட்டுத்தரையில் நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் செடிகொடிகளுக்கும் மண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பாதிப்பைத் தருவதாகக் கண்டது. இவை நேர்மையான ஆய்வுகள். சைக்கிள் ஓட்டுவோரை மட்டும் காட்டுக்குள் விடாமல் தடுத்த நியாயமற்ற கட்டுப்பாடுகளை அவை கேள்விக்கு உள்ளாக்கியது நன்றே.

ஆனால் அவற்றை ஏரிக்கரைக்குச் சாட்சியாக அழைப்பது, பலாமரத்தின் மருத்துவத்தை வாழைக்குச் செய்வது போன்றது. அவை அளந்தது, கால் மிகுதியாக மண்ணைத் தளர்த்துகிறதா, சக்கரம் மிகுதியாகத் தளர்த்துகிறதா என்பதை. ஏரிக்கரையில் எழும் கேள்வியோ, தளர்ந்த மண் எந்த வழியில் ஓடும் என்பது. மொன்டானா ஆய்விலேயே, முன்கூட்டி நனைக்கப்பட்ட பாதையில் மண்ணிழப்பு கூடியது என்ற முடிவும் உண்டு. சைக்கிளுக்கு ஆதரவாக அந்த ஆய்வைச் சொல்வோர் இம்முடிவை விட்டுவிடுகின்றனர். நடப்பவருக்கு நிகரான பாதிப்பு என்பதற்குப் பாதிப்பே இல்லை என்று பொருளுமில்லை. ஈரக்கரையில் நூறு பேர் வரிசையாக நடந்தாலும் தவறே. ஆனால் ஞாயிறு காலையில் நூறு பேர் ஏரிக்கரையில் நடக்க வருவதில்லை, சைக்கிளில் வருகின்றனர். ஒரு மணி நேரத்தில் நடப்பவர் தொடும் தொலைவைப் போல மூன்று மடங்கையாவது தொட்டுவிட்டுப் போகின்றனர்.

3. மாடு போன கரையில் சைக்கிள் போகக் கூடாதா? இக்கேள்வியே மற்றெல்லாவற்றையும்விட நின்று பதில் சொல்லத் தக்கது. மாட்டின் குளம்பு சேற்றில் குழி செய்கிறது, அக்குழி தனித்தனியானது, அதில் விழும் மழைநீர் அங்கேயே தேங்கி அங்கேயே சுவறுகிறது. சக்கரம் செய்வது குழி அன்று, வாய்க்கால்; தொடக்கம் முதல் முடிவு வரை அறுபடாத ஒரு கோடு. சரிவில் அமைந்த அறுபடாத கோடு எதுவும் தண்ணீருக்கு வழி. வழி கிடைத்த தண்ணீருக்கு வேகம் வருகிறது. வேகம் வந்த தண்ணீர் மண்ணைத் தூக்கிச் செல்கிறது. வயலுக்கு நீர் பாய்ச்சுபவர் மண்வெட்டியின் முனையால் ஒரு கீறல் இழுத்து நீரைத் தாம் விரும்பிய பாத்திக்குத் திருப்புவதைப் பார்த்தவர் எவரும், டயர் இழுக்கும் கீறலின் ஆற்றலை ஐயுறமாட்டார். மந்தை மிதித்தால் மண் கெட்டிப்படும் என்ற பட்டறிவே பின்னாளில் இயந்திர வடிவம் பெற்று, அணை கட்டுமிடங்களில் ஆட்டுக்கால் உருளை என வழங்கும், குளம்பு போன்ற முளைகள் பதித்த இரும்புருளையாயிற்று. சமமான உருளையைவிட அது களிமண்ணை ஆழத்திலிருந்தே இறுக்குகிறது. குளம்பும் சக்கரமும் மண்ணுக்கு ஒன்றல்ல.

உழவரின் சைக்கிளோ இந்த வாதத்துக்கு ஆதரவாகப் பேசவில்லை, எதிராகவே பேசுகிறது. ஹெர்குலஸ், அட்லஸ், ராலே என்று தலைமுறைகளாக ஊர்களில் ஓடிய கறுப்பு நிறச் சைக்கிளில் டயருக்கும் மட்கார்டுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. ஈரக் களிமண்ணில் இருபது முப்பது அடி போவதற்குள் அந்த இடைவெளியில் மண் அடைத்துக்கொள்ளும். பிரேக் கட்டை இருக்குமிடத்தில் உருண்டையாகத் திரளும். சக்கரம் சுற்றாமல் இழுபடும். ஓட்டுபவர் இறங்கி, வேலியில் ஒரு குச்சியை ஒடித்து, மட்கார்டின் அடியில் விட்டு நெம்பி, மண்ணை நீள நீளத் துண்டுகளாகத் தள்ளுவார், மறுபடி ஏறமாட்டார், மதகடி ஈரத்தைக் கடக்கும்வரை புல் முளைத்த ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார், அல்லது குறுக்குக் கம்பியில் தோளைக் கொடுத்துத் தூக்கிவிடுவார். பால்கேன் கட்டிய கேரியரோடு தூக்க முடியாதவர், தார்ச்சாலை வழியே சுற்றிப் போவார். ஈரக்கரையில் ஓட்டாதே என்று அவருக்கு எவரும் அறிவுரை கூறியதில்லை, வண்டியே கூறிற்று. மலைச் சைக்கிளில் மட்கார்டு இல்லை. சட்டகத்துக்கும் டயருக்கும் இடையே அகன்ற இடைவெளி உண்டு. டயரின் குமிழ்கள் சேற்றை வாரித் தாமே உதறும்படி இடைவெளிவிட்டு அமைக்கப்பட்டவை. பிரேக்கும் சக்கரத்தின் விளிம்பை விட்டு நடுக்குடத்தின் தட்டுக்குப் போய்விட்டது. எல்லாம் பொறியியல் சாதனைகளே. ஆனால் அவற்றின் கூட்டு விளைவு, மண் சொல்லிவந்த மறுப்பை ஓட்டுபவரின் காதில் விழாமல் செய்ததுதான். பழைய வண்டி நின்றுவிடும் இடத்தில் புதிய வண்டி தொடர்ந்து ஓடுகிறது என்பதால், உழவரும் ஓட்டினாரே என்ற ஒப்புமை அந்த இடத்திலேயே முறிகிறது.

4. தடம் தானே அழியும் என்பது எந்த மண்ணைப் பற்றிய பேச்சு? மணலைப் பற்றியதானால் அது சரி. களிமண்ணில் பதிந்த தடத்தைப் பங்குனி வெயில் அழிப்பதில்லை; சூளையில் வைத்த பச்சைச் செங்கல்லைப் போல அந்த வடிவத்திலேயே இறுக்கிவிடுகிறது. இறுகிய தடத்தின் ஓரங்கள் கத்திமுனையாக நிற்க, அடியில் வெடிப்பு விடுகிறது. சித்திரையின் கோடைமழை முதலில் இறங்குவது அந்த வெடிப்புக்குள்ளேதான். இதற்கிடையில் அதே கரைவழியே நாள்தோறும் போய்வர வேண்டியவர்கள் உண்டு. தமிழ்நாட்டு அரசு 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவியருக்கு எனத் தொடங்கி, 2005-06 முதல் அனைவருக்குமாக விரிவாக்கிய விலையில்லா சைக்கிளில், கியரோ அதிர்வு தாங்கும் கவையோ இல்லாமல், கூடையில் புத்தகப்பையோடு மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பதினாறு வயதுப் பெண்ணின் முன்சக்கரம் இறுகிய தடத்துக்குள் விழுந்தால் வெளியே வராது. திருப்ப முயன்றால் வண்டி சாயும். 1991இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்தபோது, அந்த வண்டி அவர்களுக்குக் கூலி வேலைக்கும் தண்ணீருக்கும் சந்தைக்கும் யாரையும் எதிர்பாராமல் போய்வரும் விடுதலையாக இருந்தது. ஒருவரின் ஞாயிற்றுக்கிழமைச் சாகசம் இன்னொருவரின் ஆறு நாள் பாதையைக் கெடுக்கும்போது, இருவர் ஓட்டுவதும் சைக்கிள்தான் என்று சமன்செய்துவிட முடியாது.

5. ஏரிக்கரை பாதையா? இதுவரை சொன்னவை அனைத்தையும்விட அடிப்படையான மறுப்பு இதில் உள்ளது. கரையின் மேல் மக்கள் நடப்பதால் அது பாதை போலத் தோன்றுகிறது. உண்மையில் அது ஓர் அணை. சிமென்ட் இல்லாமல், மண்ணைக் கொட்டி மிதித்து உயர்த்தி, உட்சரிவில் அலைகல் பதித்து, வெளிச்சரிவில் புல்லை வளரவிட்டு, உபரிநீர் வழியக் கலங்கலும் பாசனநீர் இறங்க மதகும் வைத்து அமைத்த அணை. அதன் பாதுகாப்பு எளிய ஒரு விதியில் அடங்கும்: நீர் கலங்கல் வழியாக மட்டுமே வழிய வேண்டும், கரைமேல் ஒருபோதும் ஏறக்கூடாது. கரையின் உச்சி முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை இந்த விதி காக்கப்படும். ஓரிடத்தில் உச்சி ஒரு சாண் தாழ்ந்தாலும், ஏரியின் உண்மையான கரைமட்டம் அந்தத் தாழ்ந்த இடத்தின் மட்டமாகிவிடுகிறது. மற்ற ஆயிரம் அடி நீளமும் எவ்வளவு உயர்ந்து நின்றாலும் பயனில்லை. அங்கே முதலில் ஏறும் நீர் வெளிச்சரிவில் இறங்கி, இறங்குகையில் அடிமண்ணை அரித்து, அரித்த இடத்தை மேலும் தாழ்த்தி, தாழ்ந்ததால் மேலும் மிகுதியாகப் பாயும். கரை உடைவது பெரும்பாலும் இவ்வாறுதான்.

மலைச் சைக்கிள் ஓட்டுபவர் கரையில் எங்கே போகிறார்? உச்சியில் நேராகப் போவதோடு நிறுத்தினால் கேடு ஓரளவோடு நிற்கும். ஆனால் இந்த ஆட்டத்தின் இன்பம் ஏறுவதிலும் இறங்குவதிலும் இருப்பதால், உச்சியிலிருந்து வெளிச்சரிவில் சறுக்கி இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக ஒரே இடத்தில் குறுக்குத்தடம் விழுகிறது. பின்சக்கரத்தைப் பூட்டி வழுக்கவிடும் இடத்தில் புல் வேரோடு உரிகிறது. உச்சியில் தேங்கிய சேற்றைத் தவிர்க்க ஓரம் ஒதுங்குவோர், பாதையை அகலப்படுத்துவதாக எண்ணிக்கொண்டு கரையின் தோளை, உச்சியும் சரிவும் சேரும் விளிம்பை, இடித்துத் தள்ளுகின்றனர். மாசியில் விழுந்த இந்தக் குறுக்குத்தடம் சித்திரை மழையில் ஓடையாகி, ஆவணி இடிமழையில் ஆழ்ந்து, கார்த்திகையில் ஏரி நிரம்பும்போது கரையின் மிகத் தாழ்ந்த இடமாகக் காத்திருக்கிறது. தவறுக்கும் தண்டனைக்கும் இடையே ஒன்பது மாதம். தவறு செய்தவர் அப்போது அங்கே இருப்பதில்லை. ஆயக்கட்டில், அதாவது அந்த ஏரியை நம்பிய பாசனப்பரப்பில், சம்பா நட்டவர் இருக்கிறார். 2015ஆம் ஆண்டுப் பெருமழையில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரிகள் உடைந்தபோது வயலில் மணலும் வீட்டில் சேறும் நிரம்ப நின்றவர்களுக்கு, கரையின் ஒரு சாண் உயரம் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. அந்த உடைப்புகளுக்குச் சைக்கிள் காரணம் என்று எவரும் சொல்ல முடியாது, இக்கட்டுரையும் சொல்லவில்லை. நலிந்த இடம் ஒன்று இருந்தால் வெள்ளம் அதைத் தவறாமல் கண்டுபிடிக்கும் என்பதற்கே அந்த ஆண்டு சான்று.

இந்த வட்டாரம் கரைகளை எவ்வளவு கருத்தோடு பேணிவந்தது என்பதற்குக் கல்லில் வெட்டிய சான்று உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபை செதுக்கி வைத்த தீர்மானங்களைக் குடவோலைத் தேர்தலுக்காக மட்டுமே பலர் நினைவுகூர்கின்றனர். அத்தேர்தல் எதற்காக என்பது மறக்கப்படுகிறது. சம்வத்சர வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்: ஊராட்சியின் முதன்மைக் குழுக்களில் ஒன்று ஏரிக்கே உரியதாக இருந்தது. புள்ளலூரைப் போர்க்களமாக மட்டும் அறிந்தோர் பலர். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற களமாகக் காசக்குடிச் செப்பேடும், 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகள் ஆங்கிலேயக் கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை அழித்த களமாக வரலாற்று நூல்களும் அதைக் குறிக்கின்றன. அப்போரின் காலத்தில் செங்கல்பட்டுச் சீமையின் ஏரிகள் பேணுவாரின்றிப் பாழ்பட்டதும், 1794க்குப் பின் அங்கே ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் அவற்றைப் பழுதுபார்க்கப் பெருமுயற்சி எடுத்ததும் அதே வரலாற்றின் பகுதி. ஊரார் உழைப்பால் ஏரி பேணும் குடிமராமத்து முறையைத் தமிழ்நாட்டு அரசு மீட்டெடுத்தபோது, 2017 மார்ச்சில் அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டதும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான். பதினோரு நூற்றாண்டுகளாகக் கூடை கூடையாக மண் சுமந்து உயர்த்தப்பட்ட ஒன்றை, யாரும் அக்கறை கொள்ளாத புறம்போக்குத் திட்டு என எண்ணி அதன்மேல் விளையாடுவது அறியாமை. அறிந்த பின்னும் விளையாடுவது அநீதி.

6. கருவேலங்காட்டில் கரை இல்லையே, அங்கே என்ன கெடும்? அங்கே கெடுவது வேறு. ஏரி மரங்களில் கூடுகட்டும் நத்தைக்குத்தி நாரை, கொக்கு, நீர்க்காகம் ஆகியவை பருவமழையை ஒட்டி வந்து, பங்குனி வரை குஞ்சு வளர்க்கின்றன. அடியில் நீர் நிற்பதே அக்கூடுகளுக்குக் காவல். நீர் இறங்கிய மாசியில் அக்காவல் நீங்கிய நேரத்தில் மரத்தடியில் கூட்டமாக ஆள் நடமாடினால் தாய்ப்பறவை எழுந்து பறக்கிறது, கூடு வெயிலுக்கும் காக்கைக்கும் திறந்து கிடக்கிறது. இதே பெரும் மாவட்டத்தில் அண்மைக்காலம் வரை அடங்கியிருந்த வேடந்தாங்கலில், பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை 1798இல் அதே லயனல் பிளேஸ் எழுத்தில் ஏற்றுக்கொடுத்தார். சரணாலயம் என்று பலகை வைத்த ஏரியில் மட்டுமே பறவைக்கு அமைதி வேண்டும், பலகை இல்லாத ஏரியில் வேண்டாம் என்று எவரும் வாதிடமாட்டார்.

7. அப்படியானால் கரைக்குத் தார் போட்டுவிடலாமே? மேற்கண்ட மறுப்புகளை ஏற்றுக்கொண்ட சிலர் தாவும் முடிவு இது. முந்தைய கருத்தைவிட இது அதிகக் கேடு தரும். தார் போட்ட கரையில் சைக்கிள் மட்டும் ஓடாது. செங்கல் லாரியும் தண்ணீர் லாரியும் ஓடும். தாருக்கு அடியில் கரை கசிகிறதா, எலிவளை விழுந்திருக்கிறதா என்று பார்த்து நடக்கும் நீர்க்கட்டியின், அதாவது மதகைத் திறந்து ஏரிநீரைப் பகிர்ந்தளிக்கும் ஊர்ப் பணியாளரின், கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒட்டுமொத்தத் தடையும் வேண்டியதில்லை. மண்ணை நேசித்து நகரத்தை விட்டு வருபவரை விரட்டுவதால் ஏரிக்கு ஒரு நண்பர் குறைவதே மிச்சம்.

சேற்றில் ஓட்டுவதே இந்த ஆட்டத்தின் உயிர், காய்ந்த தரையில் ஓட்டுவது ஆட்டமே அன்று என்பார்க்கு ஒரு பதில் எஞ்சியிருக்கிறது. எந்த மண் எந்த நாளில் ஓட்டத்தக்கது என்று கண்டறிவதும் இத்திறனின் பகுதியே. அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஆல்பர்ட் ஆட்டர்பர்க் 1911இல் வகுத்தளித்த களிமண் சோதனை உலகெங்கும் மண் ஆய்வுக்கூடங்களில் இன்றும் செய்யப்படுகிறது: கரையிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, விளக்குத்திரி போல உருட்ட வேண்டும். பேனா ரீஃபில் பருமனுக்கு, அதாவது 3 மில்லிமீட்டருக்கு, வருவதற்குள் திரி பொடிந்து ஒடிந்தால் மண் தாங்கும் நிலையில் இருக்கிறது. ஒடியாமல் மேலும் மெலிந்து நீண்டால், அது இன்னும் குழையும் மண், சக்கரம் பட்டால் பிதுங்கும். பங்குனி நடுவிலிருந்து ஐப்பசி மழை தொடங்கும் வரை, இடையில் விழும் இடிமழைக்குப் பின் மூன்று நான்கு நாள் பொறுத்தால், புள்ளலூர் வட்டாரத்துக் கரைகளில் பெரும்பாலானவற்றின் உச்சி இச்சோதனையில் தேறும். மற்ற மாதங்களில் ஈரமே வேண்டும் என்போருக்குப் பாலாற்றங்கரையின் மணல் இருக்கிறது. களிமண்ணுக்கு மாறாக, நனைந்த மணல் இறுகித் தாங்கும், அதன்மேல் விழுந்த தடத்தை அடுத்த காற்றும் நீரும் உண்மையிலேயே அழிக்கும். மாசியில் கரைவழியே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், மதகடி ஈரத்துக்கு முன்னால், உழவர் இறங்கித் தள்ளத் தொடங்கும் அதே இடத்தில் இறங்கி, வண்டியைப் புல்லோரமாகத் தள்ளிக்கொண்டு, ஈரம் முடியும் இடத்தில் மறுபடி ஏறிக்கொள்ளலாம். அந்த இடம் எதுவென்று கரையில் மண்வெட்டியோடு நிற்கும் நீர்க்கட்டியைக் கேட்டால் கைநீட்டிக் காட்டுவார்.